கறுப்புக் காரின் சிலந்தி வலை

அரசியலும் யுத்தமும் விலைவாசியும் எழுதிப் பழகிய கை இது. வாகனப் பராமரிப்புப் பற்றி இப்பக்கத்தில் ஒருநாள் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. ஆயினும் கறுப்பு நிறக் கார் வைத்திருக்கும் வாசகர்கள் எவரும் இவ்விடயத்தை அற்பமானது என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். கார் இல்லாத வாசகர்களும் சற்றுப் பொறுமையாக வாசிக்கலாம். இதில் காரை விடவும் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது.

கறுப்புக் கார் நிழலில் நிற்கும்போது கண்ணாடி போலிருக்கும். அதே காரை உச்சி வெயிலிலோ, இரவில் வீதி விளக்கின் கீழோ நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாக, சிலந்தி வலையைப் போலத் தெரியும். சுழல் கீறல்கள் என்று இவற்றை அழைக்கலாம். கையால் தடவினால் தட்டுப்படா. நகத்தால் வருடினாலும் நகம் அதில் சிக்காது. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன் பின்னர் அந்தக் காரில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் நாட்டில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், ஓய்வூதியப் பணத்தில் ஒரு காரை வாங்கி வைத்திருந்தவருக்கு அது வெறும் வாகனமாக இருக்கவில்லை. வீட்டுக்கும் காணிக்கும் அடுத்தபடியான சொத்தாக இருந்தது. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, பெயின்றைத்தான்.

அத்தகைய கார் ஒன்றின் உரிமையாளர் என் நண்பர். ஓய்வுபெற்ற ஆசிரியர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், பல்லாண்டு காலமாக வெள்ளவத்தையில் வசிப்பவர். 2017இல் ஓய்வுபெற்ற கையோடு கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். 2023ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, அந்தக் காரை பொடி வொஷ் செய்வதற்காக இருவரும் ஒரு சேர்விஸ் நிலையத்துக்குச் சென்றோம். கழுவித் துடைத்து வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நண்பர் பொனற்றைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நேற்று வரைக்கும் கண்ணாடி மாதிரிக் கிடந்த கார் இது" என்று சத்தமிட்டார்.

காரைத் துடைத்த இளைஞனுக்கு இருபது வயதுக்கு மேலிராது. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவன். ஈரத் துணி கையிலிருக்க, "சார், நான் கழுவுனது மட்டுந்தான். இது முன்னாடியே இருந்துச்சு" என்றான். நண்பர் கேட்கவில்லை. முகாமையாளர் வந்தார். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது அவருடைய தொழில். கழுவிய கூலி வேண்டாம் என்றார். அத்தோடு, அந்த இளைஞனின் மூன்று நாட்கள் சம்பளத்தை வெட்டுவதாகவும் எங்கள் முன்னிலையிலேயே கூறினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாகனத்தைக் கழுவப் போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ஒருவர் மீது குற்றஞ் சாட்டப்பட்டால் மறுதரப்பையும் விசாரித்துவிட்டு எழுது என்பதே எனக்குப் பத்திரிகைத் தொழிலில் கற்பிக்கப்பட்ட முதற் பாடம். கலைப்பீடத்தில் படித்த எனக்கு ஒளியியலும் இரசாயனமும் தூரம். ஆனால் என்னிடமும் கறுப்புக் கார் ஒன்று உண்டு. ஆகவே தேடி வாசித்தேன், வேலை தெரிந்தவர்களிடம் கேட்டேன்.

அறிந்துகொண்டவற்றில் முதலாவது, அந்த வட்டங்கள் உண்மையில் வட்டங்களே அல்ல என்பது. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகவே கிடக்கின்றன. விளக்கொன்றைப் பிடிக்கும்போது, ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மாத்திரமே அந்த ஒளியை எம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அவை விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையங்களாகத் தோன்றுகின்றன. விளக்கை ஓரடி நகர்த்தினால் வலையின் மையமும் அதனோடு நகரும். ஒருவர் ஒரு தடவை வட்டமாகத் துடைத்ததால் வந்த கீறலாயின் மையம் ஓரிடத்திலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, கறுப்பு நிறம் கீறலை உண்டாக்குவதில்லை, காட்டிக்கொடுக்கிறது. வெள்ளைக் காரிலும் அதேயளவு கீறல்கள் இருக்கும். ஆனால் வெள்ளைப் பரப்பு தானே பெருமளவு ஒளியைச் சிதறடிப்பதால், கீறலிலிருந்து வரும் சிறு மினுக்கம் அதில் அமிழ்ந்துவிடும். கறுப்போ பட்ட ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. பின்னணி இருளாக இருப்பதால் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கம்பியாகத் தெரிகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. அக்கீறல்களை உண்டாக்குவது பெரும்பாலும் நாம் துப்புரவு செய்யும் செயலே. வீதிப் புழுதியில் மணல் இருக்கிறது. மணலின் பிரதான கூறு குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7 புள்ளி. சாதாரண உருக்குக் கத்தியையும் அது கீறும். காரின் மேற்பூச்சோ ஒருவகைப் பிளாஸ்ரிக். புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, மிக மெல்லிய அரத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பானது. அரத்தாள் என்றால் பயந்து விலகியிருப்போம். பழைய சறத் துணி என்பதால் அன்போடு துடைக்கிறோம்.

நண்பர் தினமும் காலையில் அதைத்தான் செய்துவந்தார். தேநீர் குடித்து முடித்ததும் துணியோடு இறங்கிப் புழுதி தட்டுவார். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், நேரம் போவதற்காகக் காரைத் துடைத்தபடியே இருந்தவர் அவர்.

மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்குச் சென்றேன். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பொனற்றின் மேல் பிடித்து, வலையின் மையம் வெளிச்சத்தோடு நகர்வதைக் காட்டினேன். அவர் இணங்கவில்லை. "நீர் என்ன, பெடியனுக்காக வக்காலத்து வாங்கிறீரோ?" என்று கேட்டார்.

அவருடைய மகளின் திருமணம் 2019இல் நடந்தது. அந்தக் காரே மணமக்களின் வாகனம். அல்பத்தை எடுத்துவரச் சொன்னேன். மண்டப வாசலில், மலர்ச் சரங்கள் கட்டப்பட்ட கறுப்புக் காரின் முன்னால் மணமக்கள் நிற்கும் பெரிய படம் ஒன்று அதில் இருந்தது. படப்பிடிப்பாளரின் விளக்கு பொனற்றில் பிரதிபலித்திருந்தது. அதைச் சுற்றி அதே சிலந்தி வலை, அத்தனை துல்லியமாக. சேர்விஸ் நிலையத்து இளைஞன் அந்தக் காரைத் தொடுவதற்கு நான்கு வருடங்கள் முந்திய படம்.

நண்பர் அல்பத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். திங்கட்கிழமை காலை அந்த நிலையத்துக்கு அவரே தனியாகப் போனார். வெட்டிய சம்பளத்தைக் கொடுத்துவிடும்படி முகாமையாளரிடம் சொல்வதற்காகப் போனவருக்குக் கிடைத்த பதில், அவன் ஞாயிற்றுக்கிழமையே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்பது. ஊருக்கா, வேறிடத்துக்கா என்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. நண்பர் முகாமையாளரிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வந்தார். அது உரியவனிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

அதன் பின்னரே காரைச் சரிசெய்யும் யோசனை வந்தது. இங்கு இதனை கட் அன்ட் பொலிஷ் என்பார்கள். பெயரிலேயே விடயம் இருக்கிறது. முதலில் வெட்டுகிறார்கள், பிறகுதான் மெருகேற்றுகிறார்கள். வெட்டப்படுவது எது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

என் இளமைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கார்கள் ஓடித்திரிந்தன. தொண்ணூறுகளில், பெற்றோல் கிடைக்காத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடியவையும் அவைதான். அக்காலக் கார்களுக்கு நிறப்பூச்சே மேற்பூச்சு. மெருகேற்றும் துணியில் காரின் நிறம் ஒட்டும். எண்பதுகளில் பரவலாகிய முறை வேறு. உலோகத்தின் மேல் துருக்காப்புப் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, பின்னர் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிந்த பூச்சு ஒன்று. இவை அனைத்தும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புத்தான். நாம் அச்சுக்குப் பயன்படுத்தும் ஏ4 தாள் ஏறத்தாழ 100 மைக்ரோன். அதில் தெளிந்த மேற்பூச்சின் பங்கு பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்பை விடவும் குறைவு.

சுழல் கீறல்கள் கிடப்பது இந்தத் தெளிந்த பூச்சில். கீறலை "நிரப்பி" எவராலும் நிரந்தரமாக நீக்க முடியாது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துத் தாழ்த்துவதே உண்மையான நிவாரணம். ஒவ்வொரு தடவையும் ஒரு சில மைக்ரோன் போய்விடும், போனது திரும்பாது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தப் பூச்சே. அது மெலிந்தால் எங்கள் வெயிலுக்கு நின்றுபிடிக்காது. கூரையிலும் பொனற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் தோலுரிந்த கார்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்நிலைக்கு மெருகு மருந்தல்ல. மறுபடி பெயின்ற் அடிக்க வேண்டியதுதான். ஆகவே வருடாவருடம் புதுவருடத்துக்கும் தீபாவளிக்கும் கட் அன்ட் பொலிஷ் செய்விப்பவர்கள் காரை அழகுபடுத்தவில்லை, அதன் ஆயுளைச் செலவழிக்கிறார்கள்.

நண்பரின் காருக்கு வேலை செய்தவர் நிதானமான மனிதர். இரண்டு நாட்கள் எடுத்தார். நான் கூடவிருந்து பார்த்தேன். முதலில் நன்றாகக் கழுவினார். பின்னர் கிளே பார் எனப்படும் களி போன்ற கட்டியை வழுக்கு நீர் தெளித்து மெல்ல உருட்டி, பூச்சில் பதிந்திருந்த துருத் துகள்களையும் தார்ப் புள்ளிகளையும் எடுத்தார். தடிப்பு அளக்கும் கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தார். அக்கருவி மொத்தத் தடிப்பையே காட்டும், மேற்பூச்சைத் தனியே காட்டாது. ஆயினும் எங்கேனும் வழமைக்கு மீறிக் குறைந்திருந்தால் அங்கு கைவைக்கக் கூடாது என்பது தெரியும். மிகவும் கூடியிருந்தால் அந்தத் தகடு முன்பு ரிங்கர் வேலைக்கும் பெயின்ற் வேலைக்கும் போய் வந்தது என்பது தெரியும். றப்பர் ஓரங்களையும் தகடுகளின் கூர்விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் மூடினார். விளிம்புகளிலேயே பூச்சு மெல்லியது.

அதன் பின் முழுக் காரிலும் பாயவில்லை. பொனற்றின் ஒரு மூலையில், ஏறத்தாழ இரண்டடிச் சதுரத்தில், மிக மென்மையான பொலிஷையும் மென்மையான கடற்பஞ்சையும் கொண்டு பரீட்சித்தார். அது போதவில்லை என்று கண்ட பின்னரே ஒரு படி உரமான கலவைக்குப் போனார். மென்மையானதில் தொடங்கு, தேவையானால் மாத்திரம் கடுமைக்குப் போ என்பது அவருடைய விதி. அவர் பாவித்தது, சுழலும்போதே மையம் விலகியும் அசையும் இரட்டை இயக்க இயந்திரம். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய இயந்திரம் கீறலை விரைவில் அகற்றும். ஆனால் அனுபவமற்ற கையில் அது ஓரிடத்தைச் சூடாக்கிப் பூச்சை எரித்துவிடும், அல்லது வெயிலில் அலையலையாகத் தெரியும் புதிய தடங்களை விட்டுவைக்கும். கறுப்பில் அவை இன்னும் கேவலமாகத் தெரியும்.

ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் மதுசாரம் கலந்த நீரால் துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். பல பொலிஷ்களில் எண்ணெயும் நிரப்பிகளும் உண்டு, அவை கீறலை அகற்றாமல் மறைத்துவிடும் என்றார். அன்று கார் பளபளக்கும், நாலைந்து தடவை கழுவியதும் பழைய வலை திரும்பிவரும். மலிவு விலைக்கு ஒரு மணி நேரத்தில் மெருகேற்றிக் கொடுக்கும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் இதுவே. காரைக் கையேற்கும் முன் அந்த மதுசாரத் துடைப்பைக் கேளுங்கள். கேட்ட மாத்திரத்திலேயே ஆளை அறிந்துகொள்ளலாம்.

சில ஆழமான கீறல்களை அவர் விட்டுவிட்டார். நகம் சிக்கும் கீறலை முற்றாக எடுக்க முயன்றால் பூச்சே போய்விடும் என்றார். நூற்றுக்கு நூறு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடமே காரைக் கொடுக்க வேண்டும்.

நீக்குவது இவ்வளவு சிரமமாயின் வராமற் காப்பதே புத்தி. என் காருக்கு நான் கைக்கொள்ளும் முறை இதுதான். புழுதியை ஒருபோதும் உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பானாலோ தட்டுவதில்லை. நிழலில், பொனற் ஆறிய பின்னரே கழுவுகிறேன். முதலில் தொடாமலே நீர் பாய்ச்சி, போகக்கூடிய மண்ணைப் போகவிட வேண்டும். பின்னர் இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷம்பு கலந்த நீர், மற்றையதில் வெறும் நீர். கழுவும் கையுறையைக் காரில் ஒரு பகுதி தேய்த்ததும் வெறும் நீரில் அலசி, அதன் பிறகே ஷம்பு வாளியில் தோய்க்க வேண்டும். வாளியின் அடியில் ஒரு வலைத்தட்டு இருந்தால் மண் அடியிலேயே தங்கிவிடும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூள் ஆகாது. மெழுகுப் படையை அது கழுவிக்கொண்டு போய்விடும்.

கழுவிய நீரைக் காரிலேயே காயவிடுவதும் தவறு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கற்பாறைக் கிணற்று நீரில் அது உடனேயே தெரியும். நீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு வட்டமாக மிஞ்சும். தடித்த மைக்ரோபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுப்பது நல்லது. துவாய் நிலத்தில் விழுந்தால், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், தோய்க்கும் வரை காரில் படக்கூடாது. கொழும்பில் காகத்தின் எச்சம் பெருந்தொல்லை. ஈரத் துணியைச் சில நிமிடங்கள் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. புழுதியோடு நிற்கும் காருக்கு உறை போடாதீர்கள். காற்றில் ஆடும் உறையும் ஒரு அரத்தாளே.

செரமிக் பூச்சு, பாதுகாப்புப் படலம் என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. செரமிக் பூச்சு கழுவுவதை இலகுவாக்கும், கீறலை முற்றாகத் தடுக்காது. பொலியூரித்தேன் படலம் உண்மையிலேயே பாதுகாக்கும், ஆனால் விலை அதிகம். சிறு கீறல்கள் தாமாகவே ஆறும் மேற்பூச்சை நிசான் நிறுவனம் 2005இலேயே அறிவித்தது. எனினும் எங்கள் வீதிகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. துணியும் நீரும் பொறுமையுமே அவற்றுக்குக் காப்பு.

இறுதியாக ஒன்று. சேர்விஸ் நிலையத்தில் காரைக் கழுவுபவருக்குக் கொடுக்கப்படுவது ஒரு வாளி, ஒரு பஞ்சு, வாகனமொன்றுக்கு இருபது நிமிடம். முன்பு வந்த சேற்று லொறியைக் கழுவிய அதே பஞ்சு. நல்ல துணியை அவர் வாங்கமுடியாது, நேரத்தை அவர் நீட்டமுடியாது. ஆனால் கீறல் தெரிந்தால் வெட்டப்படுவது அவருடைய சம்பளம். இப்போது நானும் நண்பரும் எங்கள் கையுறையையும் துவாயையும் நாங்களே கொண்டுபோகிறோம். "தம்பி, இதாலை கழுவும், அவசரமில்லை" என்று சொல்லிக் கொடுத்தால், பெருமளவான பிள்ளைகள் மிகக் கவனமாகவே கழுவுகிறார்கள்.

உங்கள் கறுப்புக் காரில் வலையைக் கண்டால், துணியோடு நிற்பவரைத் திட்டுவதற்கு முன் கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். மையம் நகர்ந்தால், அது ஒருவர் ஒரு தடவை வட்டமாகத் துடைத்ததால் வந்த கீறல் அல்ல.